நாய் எழுதிய இங்கிலீஷ்

எனக்கு நாய்கள் மேல் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாய்கள் விடுதியில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் பலருடைய முகம் கனிந்துவிடுகிறது. "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு" என்கிறார்கள். மனசுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடினார்கள். நாற்பதைத் தாண்டியவனை வேறு கம்பெனிக்காரன் எவனும் சீண்டவில்லை. ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்தவர், பிரேசர் டவுனில் ஓர் அம்மா நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார் என்றார். போனேன், சேர்ந்தேன்.

அது ஒரு பழைய பங்களா. முன்னால் புல்தரை, பின்னால் வரிசையாகக் கம்பிக் கதவு போட்ட சின்ன அறைகள். வெளியூர் போகிறவர்கள் நாயை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள், திரும்பி வந்ததும் கூட்டிக்கொண்டு போவார்கள். நடத்தியவர் தமிழ்க் கிறிஸ்தவர். தலைமுறைகளாகப் பெங்களூரிலேயே இருக்கும் குடும்பம். தமிழைக் கன்னடம் மாதிரியும் கன்னடத்தை இங்கிலீஷ் மாதிரியும் பேசுவார். நாங்கள் அவரை மேடம் என்று கூப்பிடுவோம்.

வேலை கேட்டுப் போன அன்று, "நாய்னா பயமா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"இங்கிலீஷ் எழுதுவீங்களா?"

இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். "நாய்ங்கள பாத்துக்க இங்கிலீஷ் எதுக்கு மேடம்?"

"நீங்க எழுத வேணாம். நாய்தான் எழுதும். நீங்க டைப் பண்ணா போதும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்த விடுதியின் வழக்கம் அப்படி. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு நாயையும் போட்டோ எடுத்து, அதன் வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு செய்தி. அந்தச் செய்தியை நாயே எழுதுவதுபோல எழுத வேண்டும். வீட்டுக்காரர் என்றுகூடச் சொல்லக் கூடாது, மம்மி, பப்பா. மேடம் எனக்கு மாதிரிக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். "ஐ ஏட் வெல். ஐ ப்ளேட் வெல். டோன்ட் வொரி, மம்மி." நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக விளையாடினேன், கவலைப்படாதே அம்மா. எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த பெண் இதை விதவிதமாக எழுதுவாளாம். அவள் கால் சென்டருக்குப் போய்விட்டாள். அவள் இடத்தில் மீசை வைத்த லேத் ஆபரேட்டரான நான் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நான் இன்று இரண்டு முறை பாட்டி போனேன் மம்மி என்று எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டி என்றால் வேறொன்றுமில்லை, நாய் வெளிக்குப் போவதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்.

என்னுடைய இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். பத்தாவது வரை தமிழ் மீடியம். அதன் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் பீன்யா இங்கிலீஷ். ஜாப், டூல், ஆஃப்செட், ஓகே, ரிஜெக்ட். எல்லாம் தனித்தனிச் சொற்கள். வாக்கியம் என்று ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. மிஷின் ஓடும் சத்தத்தில் வாக்கியம் பேசினால் யார் காதில் விழப் போகிறது?

அதனால் வீட்டில் பயிற்சி எடுத்தேன். ஆரம்பத்தில் மறுநாள் அனுப்ப வேண்டியதை முந்தைய நாளே என் போனில் எழுதி, பிழை பார்த்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் என் மனைவி அந்தப் போனை எடுத்துப் பார்த்துவிட்டாள். அவள் கோரமங்களாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவள். பிள்ளைகளின் டைரியைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் கொஞ்சம் படிக்க வரும்.

"இன்னா இது? ஐ மிஸ் யூ மம்மின்னு இருக்குது. உங்கம்மா செத்து எத்தினி வருஷம் ஆவுது? யாரு இந்த மம்மி?"

விளக்கிச் சொன்னேன். அவள் நம்பிய பிறகுதான் நிலைமை மோசமானது. அடுப்படியில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தாள். அதிலிருந்து சாப்பாடு போடும்போதெல்லாம், "நல்லா சாப்ட்டியா? வாலாட்டு பாப்போம்" என்பாள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவள் சம்பளத்தில் வாடகை ஓடிய மாதங்களில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

போனில் இங்கிலீஷ் கற்றுத்தரும் ஆப் ஒன்றையும் இறக்கி வைத்திருந்தேன். அதில் விலங்குகள் என்று ஒரு பாடம் இருந்தது. புலி சிங்கத்தைவிடப் பெரியது. ஒட்டகச்சிவிங்கிக்கு நீண்ட கழுத்து. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருக்கிறது. பிரேசர் டவுன் பங்களாவுக்குக் கங்காரு வந்து இறங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பாடத்தை மூடினேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு. ரோமம் கொட்டுகிறது என்பதற்கு என்ன சொல்வது? நொண்டுகிறது என்பதற்கு? காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு? ஷெட்டிங், லிம்பிங், ஸ்க்ராச்சிங் என்று ஒவ்வொன்றாக மேடத்திடமும், ஊசி போட வரும் நாய் டாக்டரிடமும் கேட்டுப் பொறுக்கினேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் மரபுச்சொல் நடத்துவாரே, நாய் குரைக்கும், குதிரை கனைக்கும், யானை பிளிறும், மயில் அகவும் என்று. பரீட்சைக்கு அதில் நிச்சயமாக ஒரு கேள்வி வரும், மனப்பாடம் செய்தால் மார்க்கு. அதில் நாய்க்கு ஒரே ஒரு வினைதான். இங்கே வந்து நாய்களோடு உட்கார்ந்த பிறகுதான் நாய் குரைப்பது குறைவு, மற்றதெல்லாம்தான் அதிகம் என்று தெரிந்தது. உறுமும். சிணுங்கும். முனகும். ஊளையிடும். இங்கிலீஷிலும் அதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருந்தது. அதில் எனக்கு அதிகம் குழப்பம் கொடுத்தவை வைன், விம்பர் இரண்டும். டாக்டர்தான் ஒருநாள் பிரித்துச் சொன்னார். எதையோ கேட்டுச் சிணுங்கினால் வைன். வலியிலோ பயத்திலோ மெல்ல முனகினால் விம்பர். "ஃபர்ஸ்ட் ஒன் வந்தா தட்டிக் கொடுங்க, செகண்ட் ஒன் வந்தா எனக்குப் போன் பண்ணுங்க" என்றார். இதைவிடத் தெளிவான இங்கிலீஷ் பாடத்தை நான் கேட்டதில்லை.

கேட்டில் நின்று பார்த்தால் இன்னொன்று புரியும். பெங்களூரில் நாய்களின் தாய்மொழி இங்கிலீஷ். கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டே காரிலிருந்து இறங்கும் புருஷன் பெண்டாட்டி, நாயிடம் திரும்பியதும் நோ பேபி, கம் பேபி என்பார்கள். தெலுங்குக்காரர், மார்வாடி, யாராக இருந்தாலும் இதே கதைதான். ஒரு தமிழ்க்காரர் தன் மகனைப் பார்த்து "இறங்கித் தொலைடா" என்றார். அடுத்த மூச்சிலேயே நாயிடம், மெதுவாக இறங்கு கண்ணா என்பதை இங்கிலீஷில் அவ்வளவு பதமாகச் சொன்னார். நான் ஒரு பீகிள் நாயிடம் "உக்காரு" என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். மதிய இடைவேளையில் கவுன்டருக்குப் போனவனை பேங்க்காரர் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அது திரும்பிக்கொண்டது. ஸிட் என்றதும் உட்கார்ந்தது.

கயிற்றை என் கையில் கொடுக்கும்போது எல்லோரும் நாயிடம் ஒன்றைச் சொல்வார்கள். "கோ டு அங்கிள்." அங்கிளிடம் போ. என்னை அப்பா என்று கூப்பிட எங்களுக்குப் பிள்ளைகள் அமையவில்லை. அந்தக் குறையை இப்படித் தீர்த்து வைத்தார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அன்று மட்டும் அவள் சிரிக்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அந்தக் கறுப்பு லேப்ரடார் வந்தது. முகவாய் முழுக்க நரைத்திருந்தது. காரிலிருந்து குதிக்காமல், முன்னங்கால்களை முதலில் வைத்து, யோசித்து, பிறகு பின்னங்கால்களை இறக்கியது. கூட்டி வந்த அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே நடை. வடநாட்டுக்காரர். கணவர் ராணுவ அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு இங்கே வீடு கட்டிக் குடியேறியவர், அந்த வீட்டில் அதிக நாள் வாழாமல் இறந்துவிட்டார். நாய் அவருடையது. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், முதல் பிரசவம். இந்த அம்மா போய் உடன் இருக்க வேண்டும். திரும்பி வரச் சில மாதங்கள் ஆகும்.

அவருக்குத் தமிழும் கன்னடமும் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. அவர் இங்கிலீஷில் மேடத்திடம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். பாதி புரிந்தது, மீதியை மேடம் பிறகு சொன்னார். கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நன்றாக இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதை நம்பி, குளித்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. "அதனால் இவன் நன்றாக இல்லையென்றால் நன்றாக இருக்கிறான் என்று எனக்குச் சொல்லாதீர்கள். நான் வந்துவிடுவேன். இவனுடைய கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்." இதைத்தான் கேட்டார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டாயம் என்றார்.

போகும்போது அந்த அம்மா நாயின் நெற்றியில் நெற்றியை வைத்து என்னமோ சொன்னார். பிறகு கயிற்றை என்னிடம் நீட்டி, "கோ டு அங்கிள்" என்றார்.

அந்த நாய்க்கு என்னைவிட இங்கிலீஷ் அதிகம் தெரிந்திருந்தது. மெதுவாக, போதும், தேடு, காத்திரு எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் இருந்தது. ஜென்ட்லி என்றால் மெதுவாக என்று எனக்கு அதுதான் கற்றுக்கொடுத்தது. பிஸ்கட்டை நீட்டி அந்தச் சொல்லைச் சொன்னால், பல் படாமல் உதட்டால் வாங்கிக்கொள்ளும். நாய் பிடிக்காத எனக்கே அது ஒழுங்கான நாய் என்று தோன்றியது.

அந்த அம்மா தினமும் ஒரு குரல் செய்தி அனுப்புவார். எனக்கல்ல, நாய்க்கு. நான் போனை அதன் காதருகே பிடிக்க வேண்டும். நிதானமான, நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல். டிட் யூ ஈட் யுவர் எக்? டிட் யூ கோ ஃபார் எ வாக்? ஹூ இஸ் மை குட் பாய்? முட்டை சாப்பிட்டாயா, நடக்கப் போனாயா, என் சமர்த்து யார் என்று கேள்வியாகவே இருக்கும். நாய் தலையைச் சாய்த்துக் கேட்கும். நானும் கேட்பேன். இங்கிலீஷில் கேள்வி கேட்பது எப்படி என்று எனக்கு எந்த ஆப்பும் சொல்லித்தரவில்லை. அந்தக் குரலிலிருந்துதான் வந்தது. சாயங்காலம் அந்தக் கேள்விகளுக்கு நாயாகப் பதில் எழுதுவேன். முட்டை சாப்பிட்டேன். மஞ்சள் கருவை முதலில் சாப்பிட்டேன். நடக்கப் போனேன், வழியில் ஒரு பூனையைப் பார்த்தேன், துரத்தவில்லை, எனக்கு வயதாகிவிட்டது மம்மி. இந்த மாதிரி. மற்ற நாய்களுக்கெல்லாம் ஒரே வார்ப்பில் ஊற்றிய மூன்று வரிதான். இதற்கு மட்டும் எழுத எழுத வந்தது. உட்கார்ந்து எழுதப் பிடித்தும் இருந்தது.

பிறகு அது சாப்பாட்டைக் குறைத்தது. முதலில் சோற்றை விட்டது, அப்புறம் கோழியை, அப்புறம் முட்டையையும். தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தது. நாள் முழுக்கக் கேட்டைப் பார்த்துப் படுத்திருக்கும். கேட் திறக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கும். வேறு யாராவது என்றால் தலையைத் திரும்பக் கீழே வைத்துக்கொள்ளும். டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது, வயசுதான் காரணம், மருந்தால் கொஞ்ச நாள் தள்ளலாம் என்றார்.

"அந்தம்மாவுக்குச் சொல்லிடலாம் மேடம்" என்றேன்.

மேடம் நாயின் தலையைத் தடவினார். "இந்த வாரம் பொண்ணுக்கு டெலிவரி. இப்ப சொன்னா அவங்க அங்கயும் இருக்க முடியாது, இங்கயும் வர முடியாது. கொழந்த பொறக்கட்டும். அப்புறம் நான் பேசறேன். அதுவரைக்கும் எப்பவும் போல எழுதுங்க."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. முந்தின இரவு அந்த நாயின் பக்கத்தில் அவர்தான் பாய் போட்டுப் படுத்திருந்தார். அதனால் நானும் இரண்டொரு நாள் பழைய போட்டோவைப் போட்டு, எப்பவும் போல எழுதினேன். நன்றாகச் சாப்பிட்டேன் மம்மி. நன்றாக விளையாடினேன்.

அடுத்த நாள் சாயங்காலம் விடுதிப் போனை எடுத்தேன். நாய் என் காலடியில் கிடந்தது. ஐ ஏட் என்று தட்டியதும் கை நின்றுவிட்டது. பீன்யாவில் ஒரு பழக்கம் உண்டு. கடைந்தெடுத்த உருப்படியை ஜாப் என்போம், அளவு சரியாக இருக்கும் ஜாபில் பச்சை ஸ்டிக்கர், தப்பாக இருந்தால் சிவப்பு. தப்பான ஜாபில் பச்சையை ஒட்டினால் அன்றைக்குத் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது எங்கேயோ ஒரு வண்டியில் போய் உட்காரும். சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் அதை மட்டும் நான் செய்ததில்லை. நான் பெரிய உத்தமன் என்பதல்ல. எனக்குக் கை வராது, அவ்வளவுதான். தட்டியதை அழித்துவிட்டு வேறு எழுதினேன். நான் இன்று சாப்பிடவில்லை, மம்மி. நீங்கள் எப்போது வருவீர்கள்? அனுப்பிவிட்டேன்.

மேடம் வந்து போனை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சொன்னேன் இல்ல?" என்று சொல்லிக்கொண்டே அந்தச் செய்தியை எல்லோருக்குமாக அழித்தார். எதிர்ப்பக்கத்தில் பார்த்ததற்கான நீலக் குறி வருவதற்குள் அழித்துவிட்டோம் என்று பெருமூச்சு விட்டார். அந்த நேரம் கேட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. போனை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வாட்ஸப்பில் ஒரு வேடிக்கை, அழித்தாலும் அழித்த தடம் இருக்கும். இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி அங்கேயே நிற்கும். அமெரிக்காவில் அப்போது காலை. சற்று நேரத்தில் போன் அடித்தது. வீடியோ கால்.

திரையில் அந்த அம்மா முகம். கலைந்த தலை. ஹலோகூடச் சொல்லவில்லை. "வாட் டிட் ஹி ரைட்?" என்றார்.

அவன் என்ன எழுதினான்? நீ என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நிமிடம் இருங்கள், மேடத்தைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே வரும். வாயைத் திறந்தேன். இத்தனை மாதங்களாக நான் இங்கிலீஷில் சொன்னதெல்லாம் நாயாக இருந்து சொன்னதுதான். நானாகச் சொல்ல என்னிடம் ஒரு வரி இல்லை.

"ஐ டிட் நாட் ஈட், மம்மி" என்று வந்துவிட்டது.

ராணுவ அதிகாரியின் மனைவியைப் பார்த்து மீசைக்காரன் ஒருவன் மம்மி என்கிறான். அவர் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. குரல் செய்தியில் பேசுவாரே, அதே நிதானத்தில், "சின்ஸ் வென், பேட்டா?" என்றார். எப்போதிலிருந்து, மகனே?

"மெனி டேஸ். நோ சிக்கன். நோ எக். ஒன்லி வாட்டர்."

"ஆர் யூ இன் பெயின்?"

வலிக்கிறதா என்று கேட்கிறார். நான் குனிந்து நாயைப் பார்த்தேன். இதில் தப்பு செய்யக் கூடாது. "நோ விம்பர்" என்றேன். "ஒன்லி வைன். ஈவினிங். கேட் ஓபன், ஐ லுக். நாட் யூ. அகெய்ன் ஐ லை டவுன்."

வலியில் முனகவில்லை, சாயங்காலம் சிணுங்குகிறேன், கேட் திறந்தால் பார்க்கிறேன். நீங்கள் இல்லை. திரும்பப் படுத்துக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் நான் இங்கிலீஷில் பேசிய மிக நீளமான பேச்சு அது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, காட்டு என்றார். போனைத் திருப்பி நாயின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் கூப்பிட்டார். அது கண்ணைத் திறக்கவில்லை. வால் மட்டும் தரையில் ஒரு தடவை தட்டியது.

மேடம் திரும்பி வந்து போனை வாங்கினார். இருவரும் வேகமாகப் பேசினார்கள். உங்கள் மகளை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று மேடம் அழுதார். அந்த அம்மா அதற்குச் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. அவளுக்குக் கணவன் இருக்கிறான், டாக்டர் இருக்கிறார், மாமியார் வந்துகொண்டிருக்கிறார். இவனுக்கு நான்தான்.

அன்றைக்கு மேடம் என்னைத் திட்டினார். நானும் பதிலுக்கு, "ரிஜெக்ட் ஆன ஜாப்ல ஓகே ஸ்டிக்கர் ஒட்ட எனக்குக் கை வராது மேடம்" என்றேன்.

"இது லேத் இல்ல."

"தெரியும் மேடம்."

அவர் நாய்க்கு மருந்து கரைக்கப் போய்விட்டார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அவரே போனைக் கொடுத்து, "என்ன நடந்துச்சோ அத எழுதுங்க" என்றார். எழுதினேன். இரண்டு ஸ்பூன் தயிர் நக்கினேன். தண்ணீர் குடித்தேன். வெயிலில் படுத்திருந்தேன். காத்திருக்கிறேன், மம்மி.

பேத்தி பிறந்தாள். மகளே டிக்கெட் எடுத்துக்கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் அம்மா என்று அனுப்பினாளாம். அந்த அம்மா விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெட்டிகளோடு எங்கள் கேட்டுக்கு வந்தார். கேட் திறந்தது. நாய் வழக்கம்போலத் தலையைத் தூக்கியது. இந்தத் தடவை தலையைத் திரும்பக் கீழே வைக்கவில்லை. முன்னங்கால்களை ஊன்றியது, யோசித்தது, பின்னங்கால்கள் எழவில்லை. அவர் ஓடி வந்து ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கிண்ணங்கள் கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அழுகை நன்றாகவே வந்தது.

அவர் அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது என் சொந்த நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கட்டிலில் கறுப்பு நாய். கீழே நிதானமான இங்கிலீஷில், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் அங்கிள், பப்பா முன்பு படுக்கும் பக்கத்தில் படுத்திருக்கிறேன், அரை முட்டை சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தது. டொம்ளூர் சிக்னலில் பஸ் நின்றது. குட் பாய் என்று பதில் போட்டேன்.

அதன் பிறகு தினமும் வந்தது. என் மனைவி வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "நாயி இன்னா எழுதியிருக்குது?" என்பாள். வாசித்துத் தமிழில் சொல்வேன். பேத்தியைப் போனில் பார்த்தேன் அங்கிள். வாசலில் தூக்கி உட்கார வைத்தார்கள். இன்று முட்டை வேண்டாம் என்றுவிட்டேன். கிண்டல் செய்வதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று நினைவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் கேட்டபோது நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோ இல்லை. ஒரு வரிதான் இருந்தது. இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

"இன்னா எழுதியிருக்குது?" என்று திரும்பக் கேட்டாள்.

போனோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். இரண்டு பக்கமும் ஹலோ இல்லை. என்ன கேட்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"வாட் டிட் ஹி ரைட், மேடம்?"

கீழே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. பிறகு அந்தக் குரல், நிறுத்தி நிறுத்தி, நாய்க்குப் பேசுவதுபோலவே வந்தது.

"ஐ ஏட் வெல்" என்றது. "ஐ ப்ளேட் வெல்."

கீழே இரண்டாவது விசில் அடித்தது.

"டோன்ட் வொரி, அங்கிள்."